டார்க்டேபிள் பழகும்போது வரும் சந்தேகங்கள்: கேட்டவையும் என் பதில்களும்

திருச்சியில் கல்யாணம், வளைகாப்பு, காதுகுத்து என்று விசேஷப் படங்கள் எடுப்பது என் தொழில். ஆறு வருடமாக ரா ஃபைல்களை டார்க்டேபிள் என்ற போட்டோ எடிட்டிங் மென்பொருளில்தான் எடிட் செய்கிறேன். கூட வேலை பார்க்கும் தம்பிகளும், புதிதாகக் கேமரா வாங்கிய தோழிகளும், வேறு மென்பொருளில் இருந்து மாறி வந்தவர்களும் சுற்றிச் சுற்றி அதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். வாய்ஸ் மெசேஜில் திரும்பத் திரும்பச் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். புதியவர்கள் மேலிருந்து வரிசையாகப் படியுங்கள். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை வைத்துத்தான் நகரும்.

அக்கா, ஜேபெக்லயே படம் நல்லாத்தானே இருக்கு. எதுக்கு இந்த ரா ஃபைல் தொல்லை?

சென்சாரில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஒரே ஒரு நிறத்தைத்தான் அளக்கும். பாதிப் புள்ளிகள் பச்சைக்கு, கால்வாசி சிவப்புக்கு, கால்வாசி நீலத்துக்கு. கோடாக்கில் வேலை பார்த்த பிரைஸ் பேயர் 1970களில் வகுத்த கட்டம் இது. இன்றும் பெரும்பாலான கேமராக்களில் இதுதான். ரா ஃபைல் என்பது அந்தப் புள்ளிகள் அளந்த வெளிச்சத்தின் கணக்கு. அதைப் படமாக்கும் வேலையைக் கேமரா செய்தால் ஜேபெக் வரும். நாம் செய்தால் நம் விருப்பப்படி வரும்.

வித்தியாசம் எங்கே தெரியும் என்றால், படம் தப்பிப் போகும் இடத்தில். 14 பிட் ரா ஃபைலில் ஒரு புள்ளியின் வெளிச்சத்தைச் சொல்ல 16,384 படிகள் இருக்கின்றன. ஜேபெக்கில் 256. மண்டப வாசலில் முதுகுக்குப் பின்னால் வெயில் அடிக்க நிற்கும் மாப்பிள்ளையின் முகத்தை ஜேபெக்கில் தூக்கிப் பாருங்கள், கன்னத்தில் திட்டுத் திட்டாக வரும். ராவில் தூக்கினால் முகம் முகமாகவே வரும்.

இது நிஜமாவே ஃப்ரீயா? பழகின அப்புறம் காசு கேட்பாங்களா?

கேட்க மாட்டார்கள். டார்க்டேபிள் 2009இல் யோஹானஸ் ஹனிகா தொடங்கிய திறந்த மூல மென்பொருள். பல நாடுகளில் இருக்கும் தன்னார்வலர்கள் எழுதுகிறார்கள். முதலில் லினக்ஸ், பிறகு மேக். விண்டோஸுக்கு 2017 கடைசியில் வந்தது. அதிகாரபூர்வத் தளத்தில் இருந்து மட்டும் இறக்கிக்கொள்ளுங்கள், வேறு எங்கிருந்தும் வேண்டாம்.

லைட்ரூம்ல நாலு வருஷம் கை பழகிடுச்சு. இதைத் திறந்தா கண்ணைக் கட்டி காட்டுல விட்ட மாதிரி இருக்கு. எங்க ஆரம்பிக்கிறது?

திணறலுக்குக் காரணம் நம் கைதான். லைட்ரூம் மென்பொருளில் பழகிய ஹைலைட்ஸ், ஷேடோஸ், கிளாரிட்டி என்ற பெயர்களை அது தேடிக்கொண்டே இருக்கிறது. இங்கே அதே பெயரில் ஸ்லைடர் கிடைத்தாலும் நடத்தை வேறாக இருக்கும். பழைய மென்பொருளில் எடிட் செய்த ஒரு படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதே மாதிரி இங்கே வரவைக்கப் பார்க்காதீர்கள். முதல் மாதம் நான் அதைத்தான் செய்தேன். அந்த மாதம் முழுக்க வீணாகப் போனது.

இதுவரை எடிட் செய்யாத 20 படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். டார்க்டேபிளில் முக்கியமான அறைகள் இரண்டு. படங்களைப் பரப்பி வைத்துப் பொறுக்கும் இடம் லைட்டேபிள், எடிட் செய்யும் இடம் டார்க்ரூம். எல் (L) விசை லைட்டேபிளுக்கு, டி (D) விசை டார்க்ரூமுக்கு. லைட்டேபிளில் 1 முதல் 5 வரை எண்ணை அழுத்தினால் நட்சத்திரம், ஆர் அழுத்தினால் நிராகரிப்பு. முதல் நாள் எடிட்டே வேண்டாம், பொறுக்க மட்டும் செய்யுங்கள். அதில் கை நின்றுவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

கேமராவுல பளிச்சுனு இருந்த படம் டார்க்ரூம்ல திறந்ததும் செத்துப்போன மாதிரி ஆயிடுது. ஃபைல் கெட்டுப்போச்சா?

கெட்டுப்போகவில்லை. ஒவ்வொரு ரா ஃபைலுக்குள்ளும் கேமரா ஒரு சின்ன ஜேபெக்கை ஒளித்து வைக்கிறது. கேமராவின் பின்திரையில் பார்த்தது அதைத்தான். லைட்டேபிள் முதலில் காட்டுவதும் பெரும்பாலும் அதைத்தான். டார்க்ரூமில் நுழைந்ததும் டார்க்டேபிள் அதை ஒதுக்கிவிட்டு, ரா கணக்கில் இருந்து படத்தைப் புதிதாக உருவாக்குகிறது. கேமரா நிறுவனம் சேர்த்த நிறப்பூச்சும் கூர்மையும் அதில் இருக்காது.

ஆகவே மங்கலாகத் தெரிவது தொடக்கப் புள்ளி மட்டுமே. அங்கிருந்து இரண்டு அடி எடுத்து வைத்தால் போதும். ஒவ்வொரு வேலைக்கும் இங்கே உள்ள தனிக் கருவிதான் மாட்யூல். எக்ஸ்போஷர் மாட்யூலில் முகம் சரியாகத் தெரியும் வரை வெளிச்சத்தை ஏற்றுங்கள். பிறகு கலர் பேலன்ஸ் ஆர்ஜிபி மாட்யூலைத் திறந்து, அடிப்படை நிறச் செழிப்புக்கென்று அதிலேயே இருக்கும் பிரீசெட்டை (தயாராக வைத்த அமைப்பை) போடுங்கள். கேமராவின் ஜேபெக்குக்கு ஏறக்குறைய வந்துவிடுவீர்கள்.

சேவ் பட்டன் எங்க இருக்கு? அரை மணி நேரமா தேடறேன்.

கிடையாது. ஸ்லைடரைத் தொட்டு விட்ட நொடியே அந்த மாற்றம் பதிவாகிவிடும். ரா ஃபைலை டார்க்டேபிள் தொடவே தொடாது. நீங்கள் செய்தவற்றைக் குறிப்பாக மட்டும் எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் அந்தக் குறிப்பை வைத்துப் படத்தை உருவாக்கிக் காட்டும். அடுத்தவருக்குக் கொடுக்க ஜேபெக் வேண்டும் என்றால் லைட்டேபிளில் வலதுபக்கம் எக்ஸ்போர்ட் இருக்கிறது.

ஒவ்வொரு படத்துக்குப் பக்கத்துலயும் எக்ஸ்எம்பினு ஒரு குட்டி ஃபைல் வருது. குப்பைதானே, அழிச்சிடலாமா?

தயவுசெய்து அழிக்காதீர்கள். முந்தைய பதிலில் சொன்ன குறிப்பு அதுதான். டார்க்டேபிள் அதே குறிப்பைத் தன் சொந்த டேட்டாபேஸிலும் வைத்திருக்கும். அதனால் அதே கம்ப்யூட்டரில் இருக்கும்வரை எக்ஸ்எம்பி போனாலும் எதுவும் போனதாகத் தெரியாது. ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

லேப்டாப் மாற்றியபோது ஒரு கல்யாணத்தின் ரா ஃபைல்களை மட்டும் ஹார்டு டிஸ்கில் எடுத்துக்கொண்டு, குட்டி ஃபைல்களை விட்டுவிட்டேன். பழைய லேப்டாப்பை ஃபார்மட்டும் செய்துவிட்டேன். மூன்று மாதம் கழித்து பெண்ணின் அம்மா ஆல்பத்துக்கு இன்னும் 40 படம் கேட்டார்கள். புது லேப்டாப்பில் திறந்தால் எல்லாப் படமும் எடிட் செய்யாத நிலையில் நின்றது. மூன்று இரவு உட்கார்ந்து மறுபடி செய்தேன். பேக்கப் எடுக்கும்போது ராவும் எக்ஸ்எம்பியும் ஒன்றாகப் போகட்டும்.

ரிமூவ்னு போட்டா படம் போயிடுமா? இன்னொண்ணு, சில படத்துல மண்டை ஓடு வருதே, வைரஸா?

ரிமூவ் என்றால் டார்க்டேபிளின் பட்டியலில் இருந்து மட்டும் எடுப்பது. ஃபைல் டிஸ்கில் பத்திரமாக இருக்கும். டெலீட் என்பது டிஸ்கில் இருந்தே அழிப்பது. இரண்டு பட்டனும் அருகருகே இருக்கின்றன. ஒருமுறை நிதானமாகப் படித்துவிட்டு அழுத்துங்கள்.

மண்டை ஓடு வைரஸ் இல்லை. டார்க்டேபிளுக்குத் தெரியாமல், வெளியே ஃபோல்டரை நகர்த்தியிருப்பீர்கள், அல்லது ஹார்டு டிஸ்கைச் செருக மறந்திருப்பீர்கள். டார்க்டேபிள் கடைசியாகப் பார்த்த இடத்தில் ஃபைலைக் காணோம் என்பதற்கான அடையாளம் அது. இனி படங்களை நகர்த்துவதை டார்க்டேபிளுக்குள் இருந்தே செய்யுங்கள்.

மாட்யூல் எத்தனைனு எண்ணிப் பார்த்து பயந்துட்டேன். அத்தனையும் கத்துக்கணுமா?

வேண்டாம். என் படங்களில் பத்தில் எட்டு இந்த ஐந்தோடு முடிந்துவிடும்: எக்ஸ்போஷர், கலர் காலிப்ரேஷன், டோன் ஈக்வலைசர், கலர் பேலன்ஸ் ஆர்ஜிபி, கிராப். லென்ஸின் வளைவைத் திருத்தும் லென்ஸ் கரெக்ஷனையும், இருட்டில் வரும் புள்ளிகளைக் குறைக்கும் டீநாய்ஸ் புரொஃபைல்டையும் தேவைப்பட்டால் ஆன் செய்துவிட்டு மறந்துவிடலாம். ஒரே வேலைக்கு மூன்று நான்கு மாட்யூல்கள் இருப்பது பழைய எடிட்டுகள் உடையக் கூடாது என்பதற்காக. ஷேடோஸ் அண்ட் ஹைலைட்ஸ் என்ற பெயரைப் பார்த்ததும் கை அங்கே போகும். போக விடாதீர்கள், அது பழைய காலத்து மாட்யூல், விளிம்புகளில் ஒளிவட்டம் போடும்.

இரண்டு சின்ன வசதிகளை முதல் நாளே தெரிந்துகொள்ளுங்கள். ஸ்லைடரின் மேல் வலது கிளிக் செய்தால் எண்ணைத் தட்டச்சு செய்யலாம். அதன் பெயரின் மேல் இரண்டு முறை கிளிக் செய்தால் பழைய நிலைக்குப் போய்விடும். இந்த இரண்டாவது தெரிந்தால் எதையும் தைரியமாக இழுத்துப் பார்க்கலாம்.

எக்ஸ்போஷரை ஏத்தினா முகம் வருது, வானம் வெளுத்துடுது. இறக்கினா வானம் வருது, முகம் போயிடுது. என்னதான் செய்யறது?

இதற்குத்தான் டோன் ஈக்வலைசர். நான் கற்றுக்கொண்ட படத்தை வைத்தே சொல்கிறேன். மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலை விடியற்காலையில் மேற்கே புல்வெளிப் பக்கம் நின்று எடுத்தால் சூரியன் விமானங்களுக்குப் பின்னால் கடலில் இருந்து எழும். கேமராவில் வானத்துக்கு அளவு வைத்து எடுத்தேன். கோயில் கன்னங்கரேல் என்று வந்தது.

டார்க்ரூமில் முதலில் எக்ஸ்போஷரைக் கோயிலுக்காக ஏற்றினேன். வானத்தைப் பற்றி அப்போது கவலைப்படக் கூடாது. பிறகு டோன் ஈக்வலைசரைத் திறந்து, மாஸ்கிங் தாவலில் (மாற்றம் எங்கே எவ்வளவு விழ வேண்டும் என்று பிரிப்பதுதான் மாஸ்க்) எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் பக்கத்தில் உள்ள மந்திரக்கோல் குறியை அழுத்தினேன், அடுத்து அதன் கீழே கான்ட்ராஸ்டுக்கான மந்திரக்கோல். இப்போது கர்சரை வானத்தின் மேல் கொண்டுபோனால் ஒரு வட்டம் தோன்றி, அந்த இடத்தின் வெளிச்ச அளவைச் சொல்லும். அங்கேயே மவுஸ் சக்கரத்தைக் கீழே உருட்டினால் அந்த அளவு வெளிச்சம் உள்ள இடமெல்லாம் இறங்கும். இரண்டு உருட்டில் மேகத்தின் இளஞ்சிவப்பு திரும்பி வந்தது. கர்சரைக் கோயில் சுவரின் மேல் வைத்து ஓர் உருட்டு மேலே. உப்புக் காற்று அரித்து மழுங்கிப் போன கல்லின் சொரசொரப்பு ஒவ்வொரு அடுக்காகத் தெரிய ஆரம்பித்தது. அந்த இடத்தில்தான் இந்த மென்பொருள் எனக்குப் பிடித்துப்போனது.

விமானத்தைச் சுற்றி வெள்ளிக் கோடு மாதிரி வந்தால் அளவுக்கு மீறி இழுத்துவிட்டீர்கள், அல்லது மந்திரக்கோலை மறந்துவிட்டீர்கள். மாஸ்கைக் கண்ணால் பார்க்கும் பட்டனும் அங்கேயே இருக்கிறது. கோயில் ஒரு சாம்பல், வானம் இன்னொரு சாம்பல் என்று வழவழப்பாகப் பிரிந்திருக்க வேண்டும். இன்னொன்று: எடுக்கும்போதே கேமராவில் வானம் முழு வெள்ளையாகப் போயிருந்தால் எந்த மாட்யூலாலும் அதை மீட்க முடியாது.

ஃபில்மிக் போடணுமா, சிக்மாய்டா? ஆளுக்கொண்ணு சொல்றாங்க.

சென்சார் பார்த்த வெளிச்சத்தின் வீச்சு பெரியது, திரை காட்டக்கூடியது சின்னது. பெரியதைச் சின்னதுக்குள் பக்குவமாக அடக்கும் வேலையைத்தான் இரண்டும் செய்கின்றன. ஃபில்மிக்கில் எங்கே வெள்ளை, எங்கே கறுப்பு என்று நீங்களே சொல்லலாம், அதனால் பிடி அதிகம், குழப்பமும் அதிகம். சிக்மாய்ட் 4.2 வெர்ஷனில் வந்தது; முக்கியமான ஸ்லைடர் இரண்டுதான். சமீபத்திய வெர்ஷனில் ஏஜிஎக்ஸ் என்று மூன்றாவது ஒன்றும் சேர்ந்திருக்கிறது.

புதியவர்களுக்கு நான் சிக்மாய்டைத்தான் சொல்கிறேன். எதுவானாலும் ஒன்று மட்டும் ஆனாக இருக்கட்டும். இரண்டு சேர்ந்து ஓடினாலோ, இதே வேலையைச் செய்யும் பழைய பேஸ் கர்வ் மாட்யூல் கூடச் சேர்ந்தாலோ படம் சாம்பல் பூசினாற்போல் ஆகும். பாதிப் பேர் அனுப்பும் ‘கலர் சரியா வரல’ புகாருக்குக் காரணம் இதுதான்.

எந்த மாட்யூலை முதல்ல போடணும், எதைக் கடைசியில? வரிசை மாறினா ரிசல்ட் மாறுமா?

நீங்கள் எந்த வரிசையில் தொட்டாலும் டார்க்டேபிள் தனக்கென்று வைத்திருக்கும் ஒரே வரிசையில்தான் ஓட்டும். ஆக்டிவ் மாட்யூல்கள் பட்டியலைப் பாருங்கள்: அடியில் இருப்பது முதலில், உச்சியில் இருப்பது கடைசியில். ரா கணக்கு கீழிருந்து ஒவ்வொரு மாட்யூலாக ஏறி மேலே படமாக வெளிவருகிறது. எக்ஸ்போஷர் கீழே, சிக்மாய்ட் மேலே.

கடற்கரைக் கோயில் படத்தில் வானத்தைப் பற்றிக் கவலைப்படாமல் எக்ஸ்போஷரை ஏற்றச் சொன்னதும் இதனால்தான். திரையில் வெளுத்துத் தெரிந்தாலும் அந்த வெளிச்சம் உள்ளே அப்படியே இருக்கிறது. மேலே இருக்கும் மாட்யூல் அதை இறக்கிக்கொள்ளும். இந்த ஓட்டம் மனதில் பதிந்துவிட்டால், ஒரு படம் ஏன் இப்படி ஆனது என்று நீங்களே கண்டுபிடிப்பீர்கள். ஒவ்வொரு ஸ்லைடரையும் மனப்பாடம் செய்வதைவிட இதைப் புரிந்துகொள்வதைத்தான் முக்கியமாக நினைக்கிறேன்.

வொயிட் பேலன்ஸை மாத்தினா எச்சரிக்கை வருது. நான் என்ன தப்பு பண்ணேன்?

வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் வேலையை வொயிட் பேலன்ஸ் மாட்யூல், கலர் காலிப்ரேஷன் மாட்யூல் இரண்டும் இப்போது சேர்ந்து செய்கின்றன. முதலாவது கணக்குக்கு ஓர் அடித்தளம் போடுகிறது. உண்மையான நிறத் திருத்தம் இரண்டாவதில் நடக்கிறது. முதலாவதையும் நீங்கள் மாற்றினால் ஒரே திருத்தம் இரண்டு முறை விழும். ஆகவே வொயிட் பேலன்ஸை இருந்தபடி விட்டுவிட்டு, கலர் காலிப்ரேஷனில் உள்ள பிக்கரை (நிறம் எடுக்கும் கருவியை) வைத்து, படத்தில் நிறமில்லாத சாம்பல் அல்லது வெள்ளை இடம் ஒன்றைக் கட்டம் போட்டுக் காட்டுங்கள்.

எல்லோரும் உடனே காட்டுவது மாப்பிள்ளையின் வேட்டியை. அங்கேதான் கவனம் வேண்டும். சொட்டு நீலம் போட்டுத் துவைத்த வேட்டி கண்ணுக்கு வெள்ளை, கேமராவுக்கு லேசான நீலம். அந்த நீலத்தை எடுக்கப் போய் டார்க்டேபிள் படம் முழுக்க மஞ்சளை ஏற்றிவிடும். முழுக்க நம்ப வேண்டும் என்றால் சாம்பல் அட்டை ஒன்றைப் பையில் வைத்திருங்கள். வண்ணத் துணிப் பந்தலின் கீழ் எடுக்கும்போது அட்டை இல்லாமல் நான் போவதே இல்லை. சிவப்புத் துணி வழியாக வரும் வெயில் எல்லோர் முகத்திலும் குங்குமம் பூசிவிடும்.

பொண்ணு கொஞ்சம் கலர் கம்மி. வெளுப்பா காட்ட எந்த ஸ்லைடர்?

இந்தக் கேள்வி எனக்கு வலிக்கும், ஆனால் வாராவாரம் வருகிறது. அந்தப் பெண்ணின் நிறத்தை மாற்றாதீர்கள். பெரும்பாலும் அங்கே பிரச்சினை நிறமே இல்லை, வெளிச்சம் குறைவு. பளீரென்ற ஜரிகையையும் நகையையும் பார்த்துக் கேமரா அளவைக் குறைத்துவிடுகிறது, முகம் இருட்டில் போகிறது. எக்ஸ்போஷரை முகத்துக்கு வையுங்கள், ஜரிகையை டோன் ஈக்வலைசரில் இறக்குங்கள். மாநிறமும் கறுப்பும் வெளிச்சம் சரியாக விழுந்தால் தனி மினுமினுப்போடு வரும். வெளுக்க வைத்த முகத்தில் அது போய், மாவு பூசினாற்போல் இருக்கும். கழுத்தும் கையும் வேறு நிறத்தில் நின்று காட்டிக்கொடுக்கும்.

முகம் மட்டும் இன்னும் கொஞ்சம் தெரிய வேண்டும் என்றால், எக்ஸ்போஷர் மாட்யூலில் இரண்டாவது பிரதி ஒன்றை எடுங்கள். முகத்தைச் சுற்றி ஒரு நீள்வட்ட மாஸ்க் வரைந்து, விளிம்பை நன்றாகப் பரத்தி விடுங்கள். 0.3 ஸ்டாப் (எக்ஸ்போஷரை அளக்கும் அலகு) போதும். அதற்கு மேல் போனால் டார்ச் அடித்தது மாதிரி ஆகிவிடும்.

முகூர்த்தத்துல மட்டும் நூறு படம். ஒவ்வொண்ணா உட்கார்ந்து பண்ணணுமா?

ஒரே வெளிச்சத்தில் எடுத்தவற்றில் ஒன்றை முழுதாக முடியுங்கள். லைட்டேபிளில் அதன் மேல் கன்ட்ரோல் சி, மீதியைத் தேர்ந்தெடுத்துக் கன்ட்ரோல் வி. ஆனால் இப்படிச் செய்தால் கிராப்பும் சேர்ந்து போய்விடும். ஒரு படத்தில் சரியாக வெட்டிய இடம் அடுத்ததில் ஐயர் தலையைக் கொய்துவிடும். கன்ட்ரோல் ஷிஃப்ட் சி அழுத்தினால் எதெது போக வேண்டும் என்று பட்டியல் கேட்கும். கிராப், ரீடச், கையால் வரைந்த மாஸ்க் உள்ள மாட்யூல்கள் மூன்றையும் எடுத்துவிடுங்கள்.

என் லேப்டாப் இழுத்துக்கிட்டு நிக்குது. புதுசு வாங்கணுமா?

உடனே வேண்டாம். செட்டிங்கில் புராசஸிங் பகுதியில் ஓப்பன்சிஎல் (கணக்கு வேலையைக் கிராஃபிக்ஸ் கார்டுக்குக் கொடுக்கும் வசதி) ஆனாக இருக்கிறதா பாருங்கள். கிராஃபிக்ஸ் கார்டு அதற்கு ஒத்துழைத்தால் வேகம் பல மடங்கு கூடும். டிஃப்யூஸ் ஆர் ஷார்ப்பன், டீநாய்ஸ் ஆகிய இரண்டு மாட்யூல்களும் கனமானவை. அவற்றைக் கடைசியில் ஆன் செய்யுங்கள். நினைவகம் 8 ஜிபி இருந்தால் சமாளிக்கலாம்.

கம்ப்யூட்டர்ல அம்சமா இருந்த படம், பிரின்ட் போட்டா இருண்டு வருது. லேப் சரியில்லையா?

லேப்பைக் குறை சொல்லும் முன் திரையின் பிரைட்னஸைப் பாருங்கள். முழுப் பிரைட்னஸில் வைத்து எடிட் செய்தால் கை தானாகப் படத்தை இருட்டாக்கும். பாதிக்குக் கீழே இறக்குங்கள். டார்க்ரூமில் கன்ட்ரோல் பி (B) அழுத்தினால் படத்தைச் சுற்றி வெள்ளைச் சட்டமும் சாம்பல் பின்னணியும் வரும். காகிதத்தின் வெள்ளைக்குப் பக்கத்தில் படம் எப்படி நிற்கும் என்று அப்போது தெரியும். ஆல்பம் அனுப்பும் முன் இதை நான் தவறாமல் செய்கிறேன்.

நிறமே மாறித் தெரிகிறது என்றால் எக்ஸ்போர்ட்டில் புரொஃபைல் (நிறங்களுக்கான அளவுகோல்) எஸ்ஆர்ஜிபி என்று இருக்கிறதா பாருங்கள். போனுக்கும் வாட்ஸ்அப்புக்கும் சாதாரண லேப்புக்கும் அதுதான் பாதுகாப்பு.

லைட்ரூம்ல பண்ணி வச்ச எடிட்டெல்லாம் இங்க வருமா?

நட்சத்திரம், டேக், கிராப் போன்றவை வரும். டோன் கர்வ், எக்ஸ்போஷர் மாதிரி சிலவற்றை ஏறக்குறைய மொழிபெயர்க்கப் பார்க்கும், ஆனால் படம் அதே மாதிரி இருக்காது. வேலை முடிந்த பழைய படங்களை முழு அளவு ஜேபெக்காகவோ டிஃப்பாகவோ எடுத்து வைத்துவிட்டு, புதிய வேலைகளை மட்டும் இங்கே தொடங்குங்கள்.

இரண்டின் எக்ஸ்எம்பியும் ஒன்றோடொன்று மோதாது. லைட்ரூம் ரா ஃபைலின் பெயரில் உள்ள வாலை (எக்ஸ்டென்ஷனை) எடுத்துவிட்டு எக்ஸ்எம்பி போடும். டார்க்டேபிள் என்இஎஃப், சிஆர்2 போன்ற வாலையும் வைத்துக்கொண்டு அதற்குப் பின்னால் எக்ஸ்எம்பி போடும். பெயரைப் பார்த்தே எது யாருடையது என்று சொல்லிவிடலாம்.

புது வெர்ஷன் வந்திருக்குனு காட்டுது. போட்டா பழைய எடிட் மாறிடுமா?

பழைய எடிட் மாறாது. மாட்யூலின் பழைய கணக்கை உள்ளேயே வைத்திருப்பார்கள்; சில வருடம் முன் செய்த படமும் செய்தபடியே திறக்கும். சிக்கல் திரும்பி வருவதில்தான். புது வெர்ஷன் டேட்டாபேஸைத் தனக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டால் பழைய வெர்ஷனால் அதைத் திறக்க முடியாது. போடும் முன் டேட்டாபேஸ் ஃபோல்டரை அப்படியே ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.

இரண்டு கம்ப்யூட்டரில் வேலை செய்பவர்கள் இரண்டிலும் ஒரே வெர்ஷன் வைத்திருங்கள். நான் ஆடி மாதத்தில் மட்டும்தான் அப்டேட் செய்கிறேன். அப்போது முகூர்த்தம் இருக்காது. ஏதாவது இடம் மாறியிருந்தால் தேடிக் கண்டுபிடிக்க ஒரு மாதம் கையில் இருக்கும். ஆவணி முதல் முகூர்த்தத்துக்குள் கை பழகிவிடும்.